கொடுத்ததா, வைத்துக்கொண்டதா? அமெரிக்க வகுப்பறைகளில் பூர்வகுடி வரலாறு

1776 ஜூலை 4 அன்று ஏற்கப்பட்ட அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் உலகம் அறிந்த வரி ஒன்று உண்டு: மனிதர்கள் எல்லோரும் சமமாகவே படைக்கப்பட்டிருக்கிறார்கள். அதே தாளில் இன்னும் கீழே இறங்கினால் பிரிட்டிஷ் மன்னர் மீதான புகார்ப் பட்டியல் வரும். பட்டியலின் கடைசிப் புகார், எங்கள் எல்லையோர மக்கள் மேல் ‘இரக்கமற்ற இந்தியக் காட்டுமிராண்டிகளை’ மன்னர் ஏவிவிடப் பார்த்தார் என்பது. முதலில் சொன்ன வரியைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். கடைசிப் புகார் வரை பெரும்பாலான வகுப்புகள் போவதில்லை.

போக வேண்டுமா என்பதில்தான் இப்போது சண்டை. நாடு பிறந்து 250 ஆண்டு ஆவதை 2026-இல் கொண்டாட ஏற்பாடு நடக்கும்போதே இந்தச் சண்டையும் சூடேறியது. 2025 ஜனவரி 29 அன்று டிரம்ப் பிறப்பித்த ஆணை, பள்ளிகளில் ‘தீவிரக் கருத்துத் திணிப்பு’ நடக்கிறது என்றும் அதற்கு மத்திய நிதி போகக் கூடாது என்றும் சொன்னது. மார்ச் 27 ஆணை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களையும் தேசியப் பூங்காக்களையும் குறிவைத்தது. இன்னொரு பக்கம், மொன்டானா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் பூர்வகுடி வரலாற்றைக் கற்பித்தே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஒரே நாட்டில் இது எப்படி? அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பாடத்தை முடிவு செய்வது யார்?

1. மத்திய அரசு: பள்ளியில் என்ன கற்பிக்க வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரம் இதற்குக் கிடையாது. கல்வித் துறையை உருவாக்கிய 1979 சட்டமே அதைத் தடுக்கிறது. கையில் இருப்பது நிதி மட்டும்தான். அதிபரின் ஆணைகள் பாடநூலை மாற்றாமல் பள்ளிகளைப் பயமுறுத்துவதற்கு இதுவே காரணம்.

2. மாநிலம்: எந்த வகுப்பில் எதைக் கற்றிருக்க வேண்டும் என்ற தரநிலைகளை எழுதுவது இதன் வேலை. பெரிய போராட்டமெல்லாம் இங்கேதான்.

3. பள்ளி மாவட்டம்: நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 மாவட்டங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் வாரியம் புத்தகத்தை வாங்கும், பாடத்திட்டத்தை ஏற்கும்.

4. ஆசிரியர்: கதவைச் சாத்திய பிறகு அந்த 45 நிமிடத்துக்கு அவர்தான் ராஜா. ஆனால் அவருக்கே இந்த வரலாற்றை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றால்?

ஆகவே ‘அமெரிக்காவில் வரலாறு இப்படிக் கற்பிக்கப்படுகிறது’ என்று யாராவது பொதுவாகச் சொன்னால், எந்த மாநிலத்தில், எந்த வகுப்பில் என்று கேட்டுவிடுவது நல்லது.

நான்கு சொற்கள்

சொற்களில் தடுக்கினால் மேற்கொண்டு எதுவும் புரியாது.

செவ்விந்தியர்: தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு முதலில் நாவில் வருவது இதுதான். தோல் நிறத்தை வைத்து வெள்ளையர் சொன்னதன் மொழிபெயர்ப்பு இது. இன்று அங்கே வசையாகவே கருதப்படுகிறது. ‘இந்தியர்’ என்பதோ கொலம்பஸின் குழப்பத்தில் பிறந்த சொல். இருந்தும் அமெரிக்கச் சட்டங்களில் அது இன்றும் அதிகாரபூர்வச் சொல்தான். பலர் தங்களை அப்படியே அழைத்துக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆனால் ‘நீங்கள் யார்’ என்று கேட்டால் பெரும்பாலும் லகோட்டா, செரோக்கி, தினே (நவாஹோ மக்கள் தங்களைச் சொல்லும் பெயர்) என்று தங்கள் மக்களின் பெயரைத்தான் சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் பொதுவாகப் பேசும் இடங்களில் ‘பூர்வகுடிகள்’.

டிரைப்: தமிழில் ‘பழங்குடி’ என்று எழுதிவிட்டால் பாதிப் பொருள் தொலைந்துவிடும். அமெரிக்கச் சட்டத்தில் டிரைப் என்பது ஓர் அரசு. மத்திய அரசு அங்கீகரித்தவை 570-க்கும் மேல். அவற்றுக்குச் சொந்த நீதிமன்றம், காவல்துறை, தேர்தல் எல்லாம் உண்டு.

ஒப்பந்தம்: 1778 முதல் 1871 வரை அமெரிக்கா இந்த அரசுகளோடு செய்து, செனட் ஒப்புதல் பெற்ற ஒப்பந்தங்கள் சுமார் 370. அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி ஒப்பந்தங்கள் நாட்டின் உச்சச் சட்டம். 1871-இல் நாடாளுமன்றம் புதிய ஒப்பந்தங்களை நிறுத்தியது. பழையவை செல்லாது என்று ஆகிவிடவில்லை.

ரிசர்வேஷன்: இந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு ரயில் டிக்கெட்டோ இடஒதுக்கீடோதான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் இது நிலம். அரசாங்கம் பாவம் பார்த்து இவர்களுக்குக் கொடுத்த நிலம் என்றுதான் பெரும்பாலோர், அமெரிக்கர்கள் உட்பட, நினைக்கிறார்கள். பல ஒப்பந்தங்களில் நடந்தது நேர் எதிர். ‘எங்கள் நிலத்தில் இவ்வளவை விட்டுத்தருகிறோம், இந்தப் பகுதியை எங்களுக்கென்றே வைத்துக்கொள்கிறோம்’ என்று டிரைப் தன்னிடமே நிறுத்திக்கொண்டதுதான் ரிசர்வேஷன். கொடுத்தது யார், வைத்துக்கொண்டது யார் என்ற இந்த ஒற்றை வினைச்சொல் மாறினால் பாடம் முழுக்க மாறிவிடுகிறது.

1890-இல் நின்றுவிடும் கதை

பாடநூல்களில் அப்பட்டமான பொய் என்று தேடினால் இன்று அதிகம் அகப்படாது. செரோக்கி மக்களை ஜார்ஜியாவிலிருந்து மேற்கே துரத்திய ‘கண்ணீர்ப் பாதை’ (1838–39) பெரும்பாலான புத்தகங்களில் இருக்கிறது. சுமார் 16,000 பேர் விரட்டப்பட்டதும், ஏறத்தாழ 4,000 பேர் செத்ததும் இருக்கிறது. சிக்கல், கதை எங்கே முடிகிறது என்பதில்.

1890 டிசம்பர் 29 அன்று தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீ என்ற இடத்தில் ராணுவம் லகோட்டா மக்களைச் சுட்டுக் குவித்தது. பெரும்பாலான புத்தகங்களில் பூர்வகுடிகள் அதோடு மேடையை விட்டு இறங்கிவிடுகிறார்கள். 50 மாநிலங்களின் தரநிலைகளையும் அலசி 2015-இல் வந்த ஓர் ஆய்வு, பூர்வகுடிகளைப் பற்றிய குறிப்புகளில் சுமார் 87 சதவீதம் 1900-க்கு முந்தைய காலத்தோடு நின்றுவிடுகின்றன என்று கண்டது. பிள்ளைக்குக் கிடைக்கும் சேதி: அவர்கள் இருந்தார்கள், பாவம், இப்போது இல்லை.

இதில் விட்டுப்போனது கொஞ்சமா? 1887-இன் டாஸ் சட்டம் டிரைப்பின் பொது நிலத்தைத் தனி ஆள் கணக்கில் துண்டு போட்டு, ‘மிச்ச’ நிலத்தைக் குடியேறிகளுக்கு விற்றது. 1887-இல் 13.8 கோடி ஏக்கராக இருந்த நிலம் 1934-இல் 4.8 கோடி ஏக்கர். துப்பாக்கிச் சத்தமில்லாமல், பத்திரப் பதிவில் போன நிலம் இது. எல்லாப் பூர்வகுடிகளுக்கும் குடியுரிமை கிடைத்ததே 1924-இல்தான். லகோட்டா மக்களின் கருங்குன்றுகளை (பிளாக் ஹில்ஸ்) பறித்தது அநியாயம் என்று 1980-இல் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டு 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. அவர்கள் இன்றுவரை அந்தப் பணத்தைத் தொடவில்லை. குன்றுகள்தான் வேண்டும் என்கிறார்கள். அந்தக் கணக்கில் வட்டி ஏறிக்கொண்டே போகிறது.

விட்டுப்போனவற்றில் ஆக மோசமானது பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிகள். பள்ளியைப் பற்றிய வரலாறே பள்ளியில் வராதது ஒரு விநோதம். 1879-இல் பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில், காலியாகக் கிடந்த ராணுவக் குடியிருப்பில், ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி முதல் பெரிய பள்ளியைத் தொடங்கினார். ‘அவனுக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்றுவிட்டு மனிதனைக் காப்பாற்று’ என்று 1892-இல் அவர் பேசியது பதிவில் இருக்கிறது. முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள்.

அந்தப் பள்ளி தன் விளம்பரத்துக்காக எடுத்த ஒரு ஜோடிப் புகைப்படம் இன்று பல வகுப்புகளில் பயன்படுகிறது. டாம் டோர்லினோ என்ற நவாஹோ இளைஞர், 1882-இல் வந்து சேர்ந்தபோது நீண்ட கூந்தல், காதில் வளையம், கழுத்தில் மணிமாலை. மூன்று ஆண்டு கழித்து எடுத்த படத்தில் கோட்டு, டை, ஒட்ட வெட்டிய முடி. நல்ல ஆசிரியர் இங்கே எதையும் விளக்கமாட்டார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ‘என்ன மாறியிருக்கிறது?’ என்று மட்டும் கேட்பார். முடி, உடை என்று சொல்லிக்கொண்டே வரும் பிள்ளைகளில் ஒருவர், இரண்டாவது படத்தில் முகமும் வெளுத்திருக்கிறதே என்பார். அடுத்த கேள்வி: படத்தை எடுக்கச் சொன்னது யார், யாருக்குக் காட்ட? வரலாற்று ஆதாரத்தை எப்படிப் படிப்பது என்ற பாடம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும்.

பொது நிலங்களையும் பூர்வகுடி விவகாரங்களையும் கவனிக்கும் அமெரிக்க உள்துறையின் முதல் பூர்வகுடி அமைச்சரான டெப் ஹாலண்ட் 2021-இல் விசாரணைக்கு உத்தரவிட்டார். 2024-இல் முடிந்த அறிக்கையின் கணக்கு: 1819 முதல் 1969 வரை 417 பள்ளிகள், குறைந்தது 973 பிள்ளைகளின் சாவு. 2024 அக்டோபர் 25 அன்று அரிசோனாவின் ஹீலா ரிவர் பகுதியில் பைடன் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பைத் தொலைக்காட்சியில் பார்த்த பலர், எதற்காக இந்த மன்னிப்பு என்றே தெரியாமல் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள்.

சர்க்கரைக் கட்டி மிஷனும் விளையாட்டு நிலப்பந்தயமும்

கலிபோர்னியாவில் நான்காம் வகுப்பு என்றால் மிஷன் புராஜெக்ட். 1769-க்கும் 1823-க்கும் இடையே ஸ்பானியப் பாதிரியார்கள் கட்டிய 21 மிஷன்களில் ஒன்றைப் பிள்ளை பொம்மையாகச் செய்துவர வேண்டும். சர்க்கரைக் கட்டி, ஐஸ் குச்சி, அட்டை. (அப்பா அம்மா ராத்திரி உட்கார்ந்து பசை போடுவதும் இந்தப் பாடத்தின் ஒரு பகுதி.) தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் ஃப்ரீமாண்ட் நகரிலேயே மிஷன் சான் ஹோசே நிற்கிறது. பொம்மையில் வராதவை: ஞானஸ்நானம் பெற்ற பூர்வகுடிகள் மிஷனை விட்டுத் தம் இஷ்டத்துக்குப் போக முடியாது, ஓடினால் பிடித்து வந்து சவுக்கடி, நெருக்கடியான குடியிருப்பில் அம்மை போன்ற நோய்கள் கொத்துக் கொத்தாக உயிரைக் குடித்தன.

கலிபோர்னியா அமெரிக்காவின் கைக்கு வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். 1851 ஜனவரியில் மாநிலத்தின் முதல் ஆளுநர் பீட்டர் பர்னெட், இந்த இனம் அழியும் வரை அழிப்புப் போர் தொடரத்தான் செய்யும் என்று சட்டமன்றத்துக்கே அறிவித்தார். தனிப்படைகளின் செலவை மாநிலக் கருவூலம் ஏற்றது. 1846-இல் சுமார் 1,50,000 ஆக இருந்த பூர்வகுடி மக்கள்தொகை 1870-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 30,000. 2019 ஜூனில் ஆளுநர் கேவின் நியூசம் இதை இனப்படுகொலை என்றே சொல்லி மன்னிப்புக் கேட்டார். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, மாநிலத்தின் 2016 பாடத்திட்ட வழிகாட்டி, மிஷன் பொம்மை செய்வதால் அந்தக் காலம் பிள்ளைக்குப் புரியப்போவதில்லை, பலருக்கு அது புண்படுத்துவதாகவும் இருக்கிறது என்று எழுதிவிட்டது.

ஓக்லஹோமாவில் இதற்குச் சமமானது நிலப்பந்தயம். 1889 ஏப்ரல் 22 நண்பகல், மஸ்கோகி, செமினோல் மக்களிடமிருந்து வாங்கப்பட்டிருந்த நிலத்தைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். குதிரையிலும் வண்டியிலும் ஓடி யார் முதலில் கொடி நடுகிறாரோ அவருக்கு நிலம். பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறையாக மைதானத்தில் இதை நடித்துக் காட்டினார்கள். சின்னத் தள்ளுவண்டி, தொப்பி, கையில் குச்சிக் கொடி. அந்த மைதானத்தில் பூர்வகுடிப் பிள்ளை எந்தப் பக்கம் நின்று ஓடும் என்று யாரும் கேட்கவில்லை. பெற்றோர் எதிர்ப்புக்குப் பின் சில மாவட்டங்கள் இதைக் கைவிட்டன.

‘உணர வேண்டும்’: ஓக்லஹோமா சட்டத்தில் ஒரு சொல்

அதே ஓக்லஹோமாவில் 2021 மே மாதம் எச்.பி. 1775 என்ற சட்டம் வந்தது. கையெழுத்திட்ட ஆளுநர் கெவின் ஸ்டிட், செரோக்கி நேஷனின் குடிமகன். எட்டுக் கருத்துகளைக் கற்பிக்கக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. அதில் ஒன்று: ஒருவர் தன் இனத்தையோ பாலினத்தையோ காரணமாக வைத்துச் சங்கடமோ குற்ற உணர்வோ வேதனையோ ‘உணர வேண்டும்’ என்பது.

கவனித்துப் படித்தால், ‘நீ குற்ற உணர்வு கொள்’ என்று பிள்ளைக்குச் சொல்வதைத்தான் சட்டம் தடுக்கிறது. பாடத்தைக் கேட்டுப் பிள்ளைக்குச் சங்கடம் வந்துவிடுவது வேறு. அதைச் சட்டம் தடுக்கவில்லை. மாநிலத் தரநிலையில் உள்ளதைக் கற்பிக்கத் தடையில்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. கண்ணீர்ப் பாதையும், 1921-இல் டல்சா நகரில் கறுப்பின மக்கள் மேல் நடந்த படுகொலையும் தரநிலையில் இருக்கின்றன. அப்புறம் என்ன பிரச்சினை?

பிரச்சினை, ஆசிரியர் வக்கீல் இல்லை என்பதுதான். 2022-இல் மாநிலக் கல்வி வாரியம் இந்தச் சட்டத்தின் பேரில் டல்சா, மஸ்டாங் ஆகிய இரண்டு மாவட்டங்களின் அங்கீகாரத் தரத்தைக் குறைத்தது. அதைப் பார்த்த ஆசிரியர் என்ன செய்வார்? ஓசேஜ் மக்களின் கதையை எடுத்துக்கொள்வோம். அவர்கள் நிலத்தடியில் எண்ணெய் கிடைத்து 1920-களில் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். 1921-இல் நாடாளுமன்றம், பாதியோ அதற்கு மேலோ பூர்வகுடி ரத்தம் உள்ள ஓசேஜ் மக்களுக்கு, தகுதியை நிரூபிக்கும் வரை, பணத்தைக் கையாளக் காப்பாளர் வேண்டும் என்று சட்டம் போட்டது. காப்பாளர்கள் பெரும்பாலும் உள்ளூர் வெள்ளையர். கொள்ளையும், அதைத் தொடர்ந்து கொலைகளும் நடந்தன. சட்டமே ரத்த அளவை வைத்து மனிதரைப் பிரித்தபோது, இனத்தைப் பேசாமல் இதை எப்படிச் சொல்வது? முடியாது. சரி, வம்பு எதற்கு என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். சட்டம் தடுக்காததையும் பயம் தடுத்துவிடும். தெளிவில்லாமல் எழுதிய சட்டங்களின் உண்மையான விளைவு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிர்வாதங்கள்

இந்த வரலாற்றைக் கற்பிப்பதை எதிர்ப்பவர்கள் எல்லோரும் உண்மைக்குப் பகைவர்கள் என்று ஒதுக்குவது சரியல்ல. நான்கு வாதங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

1. சின்னப் பிள்ளைகளிடம் படுகொலையைப் பேசலாமா? நியாயமான கேள்வி. இரண்டாம் வகுப்பில் வூண்டட் நீ தேவையில்லை. ஆனால் இங்கே முன்பு யார் இருந்தார்கள், இன்று எங்கே இருக்கிறார்கள், அவர்கள் மொழியில் இந்த ஆற்றுக்கு என்ன பெயர் என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் தாராளமாகப் பேசலாம்.

2. நாட்டுப்பற்று குறைந்துவிடும். இதற்கு விடை பூர்வகுடிகளிடமே இருக்கிறது. எல்லோருக்கும் குடியுரிமை கிடைப்பதற்கு முன்பே முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் அமெரிக்கப் படையில் சேர்ந்தவர்கள் அவர்கள். உறைவிடப் பள்ளியில் தண்டனைக்குரிய மொழியாக இருந்த நவாஹோ, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் உடைக்க முடியாத ரகசியக் குறியீடு ஆனது. இந்த இரண்டையும் ஒரே பாடத்தில் வைத்தால்தான் அந்த வீரர்கள் யார் என்றே புரியும்.

3. ஒருதலைப்பட்சம். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. பூர்வகுடிகளை இயற்கையோடு கலந்த புனிதர்களாக மட்டும் காட்டும் பாடமும் பொய்ப் பாடம்தான். செரோக்கி உள்ளிட்ட ஐந்து தெற்கத்திய அரசுகள் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தன. கண்ணீர்ப் பாதையில் அந்த அடிமைகளும் நடந்தார்கள். அவர்களின் வாரிசுகளுக்கு முழுக் குடியுரிமை உண்டா என்ற வழக்கு ஒன்றரை நூற்றாண்டு இழுத்து, 2021-இல்தான் செரோக்கி உச்ச நீதிமன்றம் ‘ரத்த வழி’ என்ற சொல்லைத் தங்கள் அரசியல் சட்டத்திலிருந்து நீக்கியது. நேர்மையான வரலாறு என்றால் இதுவும் உள்ளே வர வேண்டும்.

4. நேரம் இல்லை. ஆசிரியர்கள் சொல்வது, பொய்யும் இல்லை. கணிதத்துக்கும் வாசிப்புக்கும் மாநிலத் தேர்வு இருக்கிறது. சமூக அறிவியல் அந்த அவசரத்தில் ஓரமாகிவிடுகிறது.

மொன்டானா: சட்டம் இருந்தால் போதுமா?

1972-இல் மொன்டானா தன் அரசியல் சட்டத்தைப் புதிதாக எழுதியது. அந்த அவையில் ஃபோர்ட் பெக் ரிசர்வேஷனிலிருந்து வந்த இரண்டு மாணவிகள் எழுந்து பேசினார்கள். எங்கள் பள்ளிகளில் எங்கள் மொழியோ பண்பாடோ ஏன் இல்லை என்பதே அவர்கள் கேள்வி. விளைவு, 10-ஆம் பிரிவில் ஒரு வாக்கியம்: பூர்வகுடிகளின் தனித்துவமான பண்பாட்டு மரபை மாநிலம் அங்கீகரிக்கிறது, கல்வி வழியாக அதைப் பாதுகாக்க உறுதி ஏற்கிறது. வேறெந்த மாநிலத்துக்கும் முன்னால் எழுதப்பட்ட வாக்கியம்.

அதற்கப்புறம் 27 ஆண்டு, ஏறத்தாழ ஒன்றுமில்லை.

1999-இல் சட்டமன்ற உறுப்பினர் கேரல் ஜுனோ கொண்டுவந்த சட்டம், பூர்வகுடிப் பிள்ளையோ வேறு பிள்ளையோ, ஒவ்வொரு மாணவரும் இதைக் கற்க வேண்டும் என்றது. ‘எல்லோருக்கும் பூர்வகுடிக் கல்வி’ என்று அதற்குப் பெயர். காசு? ஒதுக்கவில்லை. பள்ளி நிதி பற்றிய வேறொரு வழக்கில் மாநிலம் தோற்ற பிறகே, 2005 வாக்கில், நிதி வந்தது. இன்றும் அது மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு இருபது டாலரைச் சற்றுத் தாண்டும் தொகைதான்.

அந்தச் சிறு காசிலும் ஒரு நல்ல காரியம் நடந்தது. டிரைப்புகளின் பிரதிநிதிகள் கூடி ஏழு ‘அடிப்படைப் புரிதல்கள்’ எழுதினார்கள். பாடநூலின் கோணத்தை மாற்றும் ஏழு வாக்கியங்கள் அவை. நான்காவது, மேலே பார்த்ததேதான்: ரிசர்வேஷன் நிலம் டிரைப்புகள் தங்களுக்கென்று நிறுத்திக்கொண்டது, அவர்களுக்குக் ‘கொடுக்கப்பட்டது’ அல்ல. ஆறாவது, வரலாறு பெரும்பாலும் சொல்பவரின் அனுபவத்திலிருந்து சொல்லப்படுவது என்கிறது.

அந்த ஆறாவதை ஆசிரியர் எப்படிக் கையாளலாம்? மொன்டானா பிள்ளைகள் எல்லோருக்கும் 1876 தெரியும். கஸ்டர் என்ற தளபதி லகோட்டா, செயேன் படைகளிடம் தோற்றுச் செத்த லிட்டில் பிக்ஹார்ன். அந்தப் போர்க்களம் 1991 வரை கஸ்டரின் பெயரில்தான் இருந்தது. தோற்றவர் பெயரில் போர்க்களம். ஆனால் அதற்கு ஆறு ஆண்டு முன், 1870 ஜனவரி 23 விடியற்காலை, அதே மாநிலத்தின் மரையாஸ் ஆற்றங்கரையில் நடந்தது பலருக்குத் தெரியாது. மேஜர் பேக்கரின் படை தேடி வந்தது வேறொரு முகாமை. சுற்றி வளைத்தது ஹெவி ரன்னர் என்ற தலைவரின் பிளாக்ஃபீட் முகாமை. அங்கே பெரியம்மை பரவியிருந்தது; திடகாத்திரமான ஆண்கள் வேட்டைக்குப் போயிருந்தார்கள். தான் நட்பான தலைவர் என்று அரசு கொடுத்திருந்த காகிதத்தைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தவரைச் சுட்டார்கள். ராணுவம் சொன்ன கணக்கே 173 பேர், பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள். இரண்டு நிகழ்வையும் ஒரே வாரத்தில் கற்பித்தால், எதை ‘போர்’ என்றும் எதை ‘படுகொலை’ என்றும் யார் பெயர் வைத்தார்கள் என்று பிள்ளைகளே கேட்கத் தொடங்குவார்கள்.

இவ்வளவு இருந்தும் 2021 ஜூலையில் டிரைப்புகளும் பெற்றோரும் மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். இந்த நிதியைப் பள்ளிகள் எதற்குச் செலவிட்டன என்று மாநிலம் சரிவரக் கணக்குக் கேட்கவே இல்லை என்பது புகார். அரசியல் சட்டத்தில் எழுதி ஐம்பது ஆண்டு ஆகிறது, இன்னும் கணக்குப் பதிவேட்டில் நிற்கிறது விஷயம். என் கணிப்பில், பாடத்தைத் தடுக்கும் சட்டங்களுக்குக் கிடைக்கும் சத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தச் சோம்பலுக்குக் கிடைப்பதில்லை. விளைவு என்னவோ இரண்டிலும் ஒன்றேதான்: பிள்ளைக்குப் பாடம் போய்ச் சேர்வதில்லை.

வாஷிங்டன்: ஓர் ஒப்பந்த வாசகமும் சாலைக்கு அடியில் ஒரு குழாயும்

இதெல்லாம் தெரியாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு, வாஷிங்டன் மாநிலத்தின் சால்மன் மீன் கதை.

1854 டிசம்பர் 26 அன்று மெடிசின் கிரீக் என்ற ஓடைக்கரையில் நிஸ்குவாலி, புயாலப் முதலிய டிரைப்புகள் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸோடு ஒப்பந்தம் செய்தன. பேச்சுவார்த்தை நடந்தது சில நூறு சொற்கள் மட்டுமே கொண்ட சினூக் சந்தை மொழியில். பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்தவர்கள் ஒன்றை விடாமல் வைத்துக்கொண்டார்கள்: வழக்கமான இடங்களில், மற்றக் குடிமக்களோடு ‘பொதுவில்’ மீன் பிடிக்கும் உரிமை.

நூறு ஆண்டு கழித்து அந்த உரிமையைப் பயன்படுத்தியவர்களை மாநில அதிகாரிகள் கைது செய்தார்கள். பில்லி ஃபிராங்க் ஜூனியர் முதன்முறை கைதானது 1945-இல், 14 வயதில், நிஸ்குவாலி ஆற்றில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது. அதற்குப் பின் ஐம்பது தடவைக்கு மேல். 1974 பிப்ரவரி 12 அன்று மத்திய நீதிபதி ஜார்ஜ் போல்ட் அந்த ‘பொதுவில்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொன்னார்: சமமாகப் பங்கிட்டு, அதாவது பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை டிரைப்புகளுக்கு. வெள்ளை மீனவர்கள் கொதித்தார்கள். நீதிபதியின் கொடும்பாவி எரிந்தது. ‘அவர்களுக்கு மட்டும் என்ன சலுகை?’ என்று அப்போது எழுந்த கேள்வியில், ஒப்பந்தத்தைப் பள்ளியில் படிக்காத ஒரு தலைமுறையின் குரல் கேட்கிறது. 1979-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பின் சாரத்தை உறுதி செய்தது.

2005-இல், துலாலிப் டிரைப்பைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் ஜான் மெக்காய் கொண்டுவந்த சட்டம், பள்ளிகள் பக்கத்து டிரைப்பின் வரலாற்றைக் கற்பிக்க ‘ஊக்குவிக்கப்படுகின்றன’ என்றது. ஊக்கம் பெற்ற பள்ளிகள் கொஞ்சமே. பத்து ஆண்டு பொறுத்துவிட்டு 2015-இல் அவரே அந்தச் சொல்லை ‘வேண்டும்’ என்று மாற்றவைத்தார். ஒரு மாவட்டம் தன் சமூக அறிவியல் பாடத்திட்டத்தைப் புதுப்பிக்கும்போது அருகில் உள்ள டிரைப்பின் வரலாறு, பண்பாடு, அரசாங்கம் ஆகியவற்றைச் சேர்த்தே ஆக வேண்டும். பாடத்தை எழுதும்போது அந்த டிரைப்போடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பதும் நோக்கம். மைக்ரோசாஃப்ட், அமேசான் வேலைக்காகச் சியாட்டில் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது வீட்டுக்குக் கொண்டுவருவது இந்தப் பாடத்தைத்தான்.

அப்புறம் குழாய். மாநிலம் நெடுஞ்சாலைகளுக்கு அடியில் ஓடைகளைக் குறுகிய குழாய் வழியாக விட்டிருந்தது. முட்டையிட ஆற்றை எதிர்த்து வரும் சால்மன் அந்தக் குழாயில் ஏற முடியவில்லை. பாதி மீன் உரிமை என்று சொல்லிவிட்டு மீனே வராமல் அடைத்தால் அந்த உரிமைக்கு என்ன மதிப்பு என்று டிரைப்புகள் 2001-இல் கேட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 ஜூனில் நீதிபதிகள் 4–4 என்று சமமாகப் பிரிய, டிரைப்புகளுக்குச் சாதகமான கீழ்த் தீர்ப்பு நிலைத்தது. நூற்றுக்கணக்கான குழாய்களை மாற்ற வேண்டும். செலவு பல நூறு கோடி டாலர், வரிப் பணத்திலிருந்து. சாலையில் ‘வேலை நடக்கிறது’ பலகையைப் பார்த்துக் காரில் பொறுமை இழந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் பலருக்கு, அந்தப் பள்ளம் எதற்காகத் தோண்டப்படுகிறது என்பது தெரியாது. பின் இருக்கையில் இருக்கும் நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கலாம்.